கசில்தா வீட்டுச் சுருதி

ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த தஸ்நேவிஸ் கொரைரா செத்து அடக்கமான பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, சங்குமுனைக் கோயிலின் பாட்டுமாடியில் மூன்று பேர் மட்டும் நின்று நாலுபிரிப் பாட்டைத் தொடங்க, அவன் எப்போதும் நுழைகிற இடத்தில், எப்போதும் போலக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு, அவன் குரல் உள்ளே நுழைந்தது. யாரும் அலறவில்லை. பாட்டு நடத்திக்கொண்டிருந்த லிகோரி மாஸ்டர் பல வருஷப் பழக்கத்தில் இடது கையைத் தாழ்த்தி மெல்ல, மெல்ல என்று காட்டினார், குரலும் பல வருஷப் பழக்கத்தில் அதைச் சட்டை பண்ணவில்லை. முடிவில் மற்ற மூவரும் நிறுத்தின பிறகும் அது கடைசிச் சுரத்தை விடாமல் ஒரு மூச்சு அதிகமாக நின்றது, அதுவும் அவன் வழக்கம்தான். "பந்தி முடிஞ்சு இலையெடுத்த பெறவும் உக்காந்திருக்கான் பாரு" என்று உயிரோடிருந்தவனைத் திட்டுகிற மாதிரியே மாஸ்டர் அன்றும் திட்டினார். அதற்கப்புறம்தான் அவருக்கு வியர்த்தது.

நாலுபிரி என்பது நாங்கள் வைத்த பெயர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எழுதி வைத்த லத்தீன் பாட்டு அது. நாலு குரல், நாலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வழியில் போய், ஒன்று நிற்கும்போது இன்னொன்று நடந்து, ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி, கடைசியில் கயிறு முறுக்கின மாதிரி ஒன்றாகிவிடும், அதனால் மேல்பிரி, இரண்டாம்பிரி, மூன்றாம்பிரி, அடிப்பிரி என்று பிரித்து வைத்திருந்தோம், தஸ்நேவிஸ் பாடினது அடிப்பிரி. முன்னொரு காலத்தில் இங்கே பங்குச்சாமியாக இருந்த இத்தாலிக்காரச் சாமி அதைக் கற்றுக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். மாதத்தின் முதல் வெள்ளியில் பாடுவோம், பெரிய வெள்ளியில் பாடுவோம், கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுவோம். வீட்டில் மட்டும் பாடமாட்டோம், முணுமுணுக்கக்கூட மாட்டோம், வீட்டுக்குள் நாலுபிரி நுழைந்தால் பின்னாடியே பாடை நுழையும் என்பது சங்குமுனையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த மாதமும் குரல் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது, ஆகவே அது வழக்கமாகிவிட்டது. பங்குச்சாமி மேற்றிராசனத்து ஆயருக்கு எழுதிக் கேட்டார், விளம்பரம் வேண்டாம், ஜெபம் போதும் என்று பதில் வந்தது, சாமி நிம்மதியாகிவிட்டார். பாட்டு முடிந்ததும் பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிற சுக்குக் காப்பியில் அவன் பங்கை ஊற்றி வைப்பதா வேண்டாமா என்று ஒரு தகராறு வந்து, ஊற்றி வைப்பது, ஆறிய பிறகு கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை குடித்துக்கொள்வது என்று தீர்ந்தது. செல்போனில் பதிவு செய்துபார்த்தவர்களுக்கு மூன்று குரலும் மின்விசிறிச் சத்தமும்தான் கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், அவர்களுக்குப் பின்பெஞ்சுதான் என்று சொல்லிவிட்டோம். வியாகுலமாதா சபைப் பெண்களுக்குள் மட்டும் ஒரு விசாரம் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது.

"செத்து உத்தரிக்கிற தலத்துல கெடக்கவுகளுக்கு மாசாமாசம் லீவு குடுப்பாகளா?"

"பாட்டுக்காரவுகளுக்குச் சலுகை இருக்கும்போல."

"அப்பம் நம்மளயும் ரெண்டு பாட்டுப் படிச்சு வைக்கச் சொல்லு."

தஸ்நேவிஸின் பெண்சாதி கசில்தாவை ஊரே கொடுத்து வைத்தவள் என்றது. அவள் கீழே பெண்கள் பக்கத்தில், தூணோரம், எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து, தன் புருஷன் மேலே லத்தீனில் பாடுவதை ஊரோடு ஊராகக் கேட்டாள், கேட்டுவிட்டுப் போய்த் தனியாக ஒரு ஆளுக்கு அரிசி களைந்து உலை வைத்தாள். அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. உயிரோடு இருந்த காலத்தில் தஸ்நேவிஸ் வீட்டில் பேசினதை எல்லாம் கூட்டினாலும் ஒரு பிரசங்கம் தேறாது. உப்பு என்பான், சாவி என்பான், மழை வரும் என்பான். அந்தக் கனத்த குரலைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான், இப்போது செத்த பிறகும் கணக்கு மாறவில்லை. ஒரு முதல் வெள்ளியில் பொறுக்கமாட்டாமல் பாட்டுமாடிப் படியில் பாதி ஏறி நின்று, "பீரோ சாவிய எங்க வச்சீக?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள். குரல் அப்போது ஒரு நீண்ட சுரத்தில் நின்றுகொண்டிருந்தது. அது நிதானமாக அந்தச் சுரத்தை முடித்து அடுத்த லத்தீன் வார்த்தைக்குப் போனது.

இந்த இடத்தில் கசில்தாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். தானாக நம்பர் சுற்றுகிற வசதி சங்குமுனைக்கு வருவதற்கு முன்னால், கொழும்புக்கும் கொச்சிக்கும் நாங்கள் பேசின அத்தனை பேச்சும் அவள் கை செருகின வயர் வழியாகத்தான் போனது, ஒரே நேரத்தில் நாலைந்து லைனைக் காதில் வாங்கி எது எங்கே நிற்கிறது என்று பிசகாமல் சொல்லுவாள். இன்னொன்று எங்களுக்குத் தெரியாது, பின்னால் அவளே சொல்லித்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு காலையில் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே அவள் ஏதோ ஒரு பாட்டைப் பாட, உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த தஸ்நேவிஸ், "கசில்தா, சுருதி எறங்குது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பால் பொங்குது என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னான். அன்றைக்கு வாயை மூடியவள் மூடியவள்தான். கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பாள். அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்பதை அவன் கடைசிவரை கவனிக்கவில்லை, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

எக்ஸ்சேஞ்ச் மூளை சும்மா இருக்குமா? குரல் ஆளைத் தேடி வரவில்லை, லைனைத் தேடித்தான் வருகிறது என்று அவள் கண்டுபிடித்தாள். மற்ற மூன்று பிரியும் ஒன்றாகக் கூடுகிற இடத்தில் நாலாவதற்கு ஒரு காலி இடம் உண்டாகிறது, அந்த இடத்தில் அவன் வருகிறான். மூன்று பிரியையும் வீட்டில் கூட்டினால் வீட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். மேல்பிரி பாடுகிற பிரிஜித் பக்கத்து வீட்டுக்காரிதான், அவளிடம்தான் முதலில் கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு வந்து ஒரே ஒரு மட்டம் பாடுங்க, பிரிஜித். மத்தவுகளையும் கூட்டியாங்க."

"என்ன மதினி சொல்லுதீக? வீட்டுக்குள்ள நாலுபிரியா? எனக்கு ரெண்டு புள்ள இருக்கு மதினி."

கசில்தா அதற்குமேல் கேட்கவில்லை. நேரே பங்குச்சாமியிடம் போய், பூசைச் சாமான் வைக்கிற சக்கறாத்து அறையில், அலமாரிக்கு மேலே மெழுகுதிரிப் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிற பப்பாளியைக் கேட்டாள். அதுவும் நாங்கள் வைத்த பெயர்தான். இத்தாலிக்காரச் சாமி கப்பலில் கொண்டுவந்த நரம்பு வாத்தியம், லூட் என்று அதற்குப் பெயராம், பாதி பப்பாளியைக் குடைந்து எடுத்து ஒரு கழுத்தை வைத்து அந்தக் கழுத்தையும் பின்பக்கம் ஒடித்துவிட்ட மாதிரி இருக்கும். ஆர்மோனியம் ஆளை அமுக்கிவிடும் என்று அவர் இதை மடியில் வைத்து மீட்டித்தான் நாலு பிரியையும் சொல்லிக்கொடுத்தார். இடம் அடைத்துக்கொண்டு கிடந்த சாமான் தொலைந்தது என்று பங்குச்சாமி சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார், அதோடு சேர்ந்து கிடந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்தார். வாத்தியம் பாடுவது பாடுவதாகாது, ஆகவே பாடை வராது என்பது கசில்தாவின் வாதம். எங்களால் அதை மறுக்க முடியவில்லை.

நரம்பெல்லாம் எலி தின்றிருந்தது. கடைத்தெருவில் தூண்டில் நரம்பு வாங்கி, தடிமன் பார்த்துப் பார்த்து ஆறு வரிசைக்கும் கட்டினாள். மேல் நரம்பை அறுந்துபோவதற்குக் கொஞ்சம் முன்னால்வரை முறுக்கு என்று புத்தகம் சொன்னது, அறுந்த பிறகுதானே எது முன்னால் என்று தெரியும், அப்படி அறுத்து அறுத்து அவள் கண்டுபிடித்த இடம் கோயில் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது, இரண்டு கட்டைக்கு நடுவில் விழுந்தது. கசில்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகத்தில் அந்தக் காலத்து ஆட்கள் நாலு பேர் பாடுகிற பாட்டை ஒரே ஆள் மீட்டுகிறதற்கு எப்படி மாற்றி எழுதினார்கள் என்று இருந்தது. குறுக்கே ஆறு கோடு, ஆறும் ஆறு நரம்பு. கோட்டின் மேல் ஏ என்று எழுதியிருந்தால் நரம்பைச் சும்மா விடு, பி என்றால் கழுத்தில் குறுக்கே கட்டியிருக்கிற கட்டுகளில் முதல் கட்டில் அழுத்து, சி என்றால் இரண்டாவது கட்டில். பார்த்த உடனே கசில்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த வரிசையில் எந்தத் துளையில் செருகுவது என்பதுதானே இது, அவள் பழைய பலகையேதான். பாட்டுமாடியிலிருந்து மூன்று பிரிக்கும் உள்ள தாள்களை வாங்கி வந்து, சுரம் சுரமாக எந்த நரம்பு எந்தக் கட்டு என்று பார்த்து, கோடு போட்ட தாளில் எழுத்தாக மாற்றினாள், மேல்பிரியை எழுதி, அதன் கீழே இரண்டாம்பிரியை எழுதி, அதன் கீழே மூன்றாம்பிரியை எழுதி, அடிப்பிரிக்கு உண்டான இடத்தை மட்டும், ஆள் வருவார் என்று பந்தியில் இலை போட்டு வைக்கிற மாதிரி, காலியாக விட்டுவைத்தாள். மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான்.

எழுதி முடித்து, விரல் பழகி, ஒருநாள் மூன்று பிரியையும் சேர்த்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மீட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் மீட்டினாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது, கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டி இறக்கியும் ஆயிற்று, அவன் வரவில்லை. சுரம் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் தரையில் அரிசி கொட்டின மாதிரி சுரங்கள் விழுந்தனவே தவிர எது எந்தக் குரலின் சுரம் என்று தெரியவில்லை, எது எங்கே மூச்சு விடுகிறது என்றும் தெரியவில்லை. லைன் செருகியிருக்கிறது, பேச ஆளில்லை. எதனால் என்று கசில்தாவுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது, அதைத்தான் அவள் தெரியாதவள் மாதிரி புரட்டிவிட்டு வந்திருந்தாள். விரலுக்கு முன்னால் தொண்டை, என்று போட்டிருந்தது. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாய்விட்டுப் பாடு, நீ பாடாத குரலை உன் விரல் காப்பாற்றாது.

வாய்விட்டு என்றால் வாய்விட்டு. அதோடு வீட்டுக்குள். பாடையைவிடவும் அவளுக்குப் பயம் பல் தேய்த்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். கடைசியில் ஒரு மத்தியானம் மிக்ஸியில் தேங்காயைப் போட்டு ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு மேல்பிரியைப் பாடினாள். பக்கத்து வீட்டு பிரிஜித் எங்களிடம் வந்து, மதினி ஒத்தையாளுக்கு எதுக்கு இவ்வளவு சட்னி அரைக்கிறாள் என்று விசாரப்பட்டாள். மேல்பிரி ஒரு வாரம், இரண்டாம்பிரி ஒரு வாரம் என்று அரைத்து, தேங்காய் விலை கட்டுபடியாகாமல் வெறும் தண்ணீரை அரைத்து, அப்புறம் ஒருநாள் மின்சாரம் நின்றுபோய் மிக்ஸியும் நின்றபோது, தன் குரல் மட்டும் அடுப்படியில் தனியாக நிற்பதைக் கேட்டாள். கரகரவென்றிருந்தது. பாதியில் விட மனசில்லாமல் அந்த அடியை முடித்தாள்.

அதற்குப் பிறகு விரலுக்கு உயிர் வந்தது. எந்தச் சுரம் எந்தக் குரலுடையது என்று கேட்கிறவனுக்கே தெரிகிற மாதிரி விழுந்தது. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மேல்பிரி உச்சத்துக்கு ஏற, மூன்றாம்பிரி அதற்குத் தூரத்தில் கீழே கிடந்தது, வயர் செருகிச் செருகி வளைந்துபோன அவள் சுண்டுவிரல் அவ்வளவு தூரம் எட்டமாட்டேன் என்றது. ஒன்று விட்டுவிடு, அல்லது ஒரு குரலை வாயால் பாடு, என்றது புத்தகம். ஒரு பிரியை விட்டால் கயிறு இல்லை. ஆகவே தை மாதத்தில் ஒரு மூன்று மணி வெயிலில், அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, இரண்டு பிரியை மீட்டிக்கொண்டு மூன்றாம்பிரியைத் தொண்டையால் பாடினாள், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்து, அவன் நின்று பழகின உயரத்தில், அடிப்பிரி நுழைந்தது.

நுழைந்தது கோயில் சுருதியில். அவள் இருந்தது வீட்டுச் சுருதியில். இரண்டும் உரசின உரசலில் பாத்திரமெல்லாம் கூசியது. கசில்தாவின் கை தானாக நின்றது, வாய் தானாக மூடியது, அவனும் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசாமலேயே அதே பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பப்பாளியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். குழம்பு அடிப்பிடித்துப்போயிருந்தது, அதையே தின்றுவிட்டுப் படுத்தாள். எத்தனையோ நாள் தனியாக இருந்தவள்தான், ஆனால் அன்றைக்கு இருந்த தனிமை வேறு, ஆள் வந்துவிட்டுத் திரும்பிப்போன வீட்டின் தனிமை.

சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தாள். சிலிண்டரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இது என் வீடு. இந்த நரம்பு இதுக்கு மேல ஏறாது, நானும் ஏறமாட்டேன். வாரதுனா வாங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினாள். அவன் மேலேயே நுழைந்தான். உரசியது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அசிங்கமாக இருக்கிறதே என்று நெஞ்சு பதறப் பதற, தன் வழியில் பாடிக்கொண்டே போனாள். பாட்டின் நடுவில் அடிப்பிரிக்கு மட்டும் ஒரு ஓய்வு உண்டு, மற்ற மூன்றும் பேசிக்கொண்டிருக்க அது சும்மா நிற்கவேண்டும். அந்த ஓய்வு வந்தது. அவன் நின்றான். திரும்ப நுழையவேண்டிய இடம் வந்தது, நுழையவில்லை. எந்தக் காலத்திலும் இடம் தப்பாதவன் அன்றைக்குத் தப்பவிட்டு நின்றான், அவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் கேட்கிறான். அப்புறம் மெதுவாக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவன் மாதிரி, அவள் சுருதிக்கு இறங்கி உள்ளே வந்தான். கசில்தாவுக்குக் கண்ணீர் மூக்கிலெல்லாம் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை, பாடி முடித்தாள்.

மீட்டின நரம்பு நிற்காது, அதுதான் பப்பாளியின் குறை. தொட்ட உடனே மங்கிவிடும். கடைசிச் சுரத்தில் நரம்பு முதலில் ஓய்ந்தது, பிறகு அவள் மூச்சு தீர்ந்தது, அதற்கப்புறமும் அவன் மட்டும் நின்றான், ஊரெல்லாம் திட்டின அந்த ஒரு மூச்சு. அந்த நேரத்துக்கு அந்த வீட்டில் வேறெந்தச் சத்தமும் இல்லை. அது முழுக்க அவளுடையது.

மாசி மாத முதல் வெள்ளியில்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஆர்மோனியம் சுருதி கொடுத்தது, மூன்று பேரும் தொடங்கினார்கள், தஸ்நேவிஸ் கொஞ்சம் இறங்கின சுருதியில் நுழைந்தான், கோயிலில் இருந்த புறாவெல்லாம் கிளம்பி வெளியே போய்விட்டது. நிறுத்தித் திரும்பத் தொடங்கினார்கள். திரும்பவும் அதே கதி. "செத்தவனுக்குக் காது அடைச்சுப் போச்சா?" என்று மாஸ்டர் பாட்டுமாடியிலிருந்தே கத்தினார். அப்போது பிரிஜித் திரும்பிக் கீழே தூணோரத்தைப் பார்த்தாள். அந்தச் சட்னியெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே பங்குச்சாமியும் மாஸ்டரும் பிரிஜித்தும் கசில்தா வீட்டுக்குப் போனார்கள்.

"மதினி, அண்ணன் இங்க வாராகளா?" என்றாள் பிரிஜித்.

"வாராக."

"வாரது சரி, வந்து என்ன பழகிட்டுப் போறான்? நாங்க ஒரு பக்கம் போறோம், அவன் ஒரு பக்கம் போறான். நரம்பக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார் மாஸ்டர்.

"ஏத்துனா அந்துரும் மாஸ்டர்."

"அப்பம் நிப்பாட்டிருங்க. வீட்டுக்குள்ள நாலுபிரி பாடுறது ஊருக்கே ஆகாது. பாடை வரும்."

"வார பாடை வந்துட்டுப் போயிட்டு மாஸ்டர். இன்னொண்ணு வந்தா அது எனக்குத்தான். எனக்கே பயமில்ல, ஒங்களுக்கு என்ன?"

பங்குச்சாமி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அந்தக் குரல் ஊருக்கே பொதுவா ஆண்டவர் குடுத்தது."

"தோத்திரம் சாமி. அவுக உசிரோட இருந்தமட்டும் ஊருக்குப் பொதுவாத்தான இருந்தாக. நான் ஒரு வார்த்த சொன்னேனா?"

காப்பி குடிக்காமல் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் மோசமாகத்தான் நடந்துகொண்டோம். அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை, சந்தையில் அவள் வந்தால் பேச்சு நின்றது, தூணோரத்தில் அவள் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை கீழே வைத்துப் பாடிப்பார்த்தோம், அவனுக்கு அது பள்ளமாக இருந்தது, பழைய கட்டை மேடாக இருந்தது, அவன் இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றான். பங்குனி முதல் வெள்ளிக்கு நாலுபிரியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அன்று கோயில் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரிந்தது. சுக்குக் காப்பியில் ஒரு தம்ளரை ஊற்றி வைத்தார்கள், கோயில்பிள்ளை குடிக்க மாட்டேன் என்றுவிட்டான். கசில்தா வீட்டிலிருந்து மத்தியான நேரம் நரம்புச் சத்தமும் அவள் பாட்டும் தெருவில் கேட்கும், அவன் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வராது, நாங்கள் வெயிலில் ஏதோ வேலையிருக்கிற மாதிரி நடையைக் குறைப்போம்.

பெரிய வெள்ளி வந்தது. பெரிய வெள்ளியில் மணி அடிக்கக்கூடாது, வாத்தியம் தொடக்கூடாது, ஆர்மோனியத்தைப் பூட்டித் துணி போட்டு மூடியிருக்கும், மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிடுவோம். நாலுபிரி இல்லாமல் பெரிய வெள்ளி எங்கள் தலைமுறைக்குத் தெரியாது. சிலுவையில் தொங்குகிற பாடுசுரூபத்தை எல்லோரும் குனிந்து முத்தி செய்து முடித்து, பாட்டு வரவேண்டிய நேரம் வந்தது. பாட்டுமாடியில் மூன்று பேர் நின்றார்கள். மாஸ்டர் வெறுங்கையோடு நின்றார். ஊர்ப் பிள்ளைகுட்டிக்கெல்லாம் சுருதி சொல்லிக்கொடுத்த அந்த மனுஷன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து கீழே பெண்கள் பக்கம் பார்த்து, "மதினி, சுருதி குடுங்க" என்றார்.

ஊர் முழுக்கத் தூணைப் பார்த்தது. கசில்தாவின் மடியில் பப்பாளி இல்லை, மிக்ஸி இல்லை, ஒளிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. கொடுத்தால் அவன் இங்கேயே தங்கிவிடுவானோ என்று ஒரு பயம். கொடுக்காமல் போனால் இந்தச் சனம் இப்படியே வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் எழுந்து நின்றாள். மூன்றாம்பிரியின் முதல் சுரத்தை, கரகரவென்று, கொஞ்சம் இறங்கின சுருதியில், வாய்விட்டுக் கொடுத்தாள்.

மாடியில் மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கீழேயிருந்து அவளும் விடாமல் பாடினாள். அடிப்பிரி நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தது, மாஸ்டரின் இடது கை பழக்கத்தில் தாழ்ந்தது, தாழ்த்தத் தேவையே இருக்கவில்லை. மெதுவாக வந்தான். நாங்கள் அதுவரை கேட்டிராத நாலுபிரி அது, இறங்கின சுருதியில் அந்தப் பாட்டு நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, ஆண்பிள்ளைகளும் அழுதோம். முடிவு வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள், அவனும் அவர்களோடேயே நிறுத்தினான். ஒரு மூச்சுக்கூட அதிகமில்லை.

"செத்துத்தான் திருந்துனான்" என்று மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சிரித்தோம். கசில்தா மட்டும் சிரிக்கவில்லை, அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள், பிரிஜித் எங்க வீட்டுல கஞ்சி குடிச்சுட்டுப் போங்க மதினி என்றாள், அவள் ஒன்றும் காதில் வாங்காமல் விடுவிடென்று வீட்டுக்கு நடந்தாள்.

பெரிய வெள்ளியில் நரம்பைத் தொடுவது பாவம். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டிலிருந்து நரம்புச் சத்தம் கேட்டது. பிரிஜித் தன் வீட்டு ஜன்னலைச் சாத்த எழுந்துபோனவள் சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டாள், அதனால்தான் மிச்சமும் எங்களுக்குத் தெரிந்தது. கசில்தா பாட்டை முழுக்கப் பாடினாள். நரம்பு ஓய்ந்தது. அவள் மூச்சும் தீர்ந்தது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லை, பிரிஜித்துக்குத்தான் சத்தமில்லை. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கசில்தா வாத்தியத்தை மடியில் சாய்த்து, சிலிண்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். கோயிலில் விடாமல் மிச்சம் பிடித்த மூச்சையும் சேர்த்துக்கொண்டு வந்திருப்பான், அவ்வளவு நீளமாக இருந்தது அது.

பிறகு அதுவும் முடிந்திருக்கவேண்டும். கசில்தாவின் தோள் இறங்கியது.

"பீரோ சாவிய எங்க வச்சீக?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பி, திரும்பவும் சுருதி கொடுத்தாள்.